ஒரே ஊர், இரண்டு வரிசை: பைத்தானில் தமிழ்ச் சொற்களைக் கையாள முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் மண்டிகளில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. பெங்களூரா, நீலம், செந்தூரா என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும். அப்படி ஒரு மண்டிக்கு, எந்த ஊரிலிருந்து எத்தனை லோடு வந்தது என்று வாரத்துக்கு ஒருமுறை கூட்டிச் சொல்ல, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். நாற்பது வரிகூட இருக்காது. மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் சீட்டோடு வந்து நின்றார்.

“தம்பி, எங்க ஊர்லேர்ந்து 23 லோடு வந்திருக்குது. சீட்டுல 14தான் போட்டிருக்குது. மீதி எங்க போச்சு?”

“இருங்கய்யா, பார்க்கிறேன்” என்று முழுப் பட்டியலையும் திரையில் ஓட்டினேன். பேரிகை. அடுத்து போச்சம்பள்ளி, 9 லோடு. அடுத்து பையூர். அடுத்து மறுபடியும் போச்சம்பள்ளி, 14 லோடு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன்; ஒரு புள்ளிகூட மாறவில்லை. நிரல் எந்தப் பிழையும் சொல்லவில்லை. கூட்டலும் சரி. ஆனால் ஓர் ஊரை அது இரண்டு ஊராக நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் 9 லோடுக்கான கணக்கு யார் பெயரிலும் சேராமல் கிடந்தது.

அன்று சாயங்காலம் தொடங்கி ஒரு வாரம் தோண்டியதில் கிடைத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பைத்தானில் எந்தக் கோளாறும் இல்லை. அது சொன்னபடிதான் நடக்கிறது. நாம் “எழுத்து” என்று சொல்வதும் அது “எழுத்து” என்று எண்ணுவதும் வேறுவேறு என்பதுதான் விஷயம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், பொருள் பெயர் என்று எதையாவது தமிழில் வைத்து வேலை செய்கிற யாருக்கும் இது ஒருநாள் வந்தே தீரும்.

ஒரு சின்ன குறிப்பு: கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்யும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எல்லாமே பைத்தான் 3.

படி 1: கண்ணை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

பைத்தானைத் திறந்து நம் ஊர்ப் பெயர்களின் நீளத்தைக் கேளுங்கள்.

லென்("தர்மபுரி") → 8
லென்("கிருஷ்ணகிரி") → 11
லென்("அரூர்") → 5

தர்மபுரியில் த, ர், ம, பு, ரி என்று ஐந்து எழுத்துதான். பைத்தான் எட்டு என்கிறது. ஏனென்றால் அது எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியெண்களை. (யூனிகோட் என்பது எல்லா மொழிக் குறிகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை.) “த” என்பதற்கு ஒரு குறியெண். “ர்” என்பதற்கு இரண்டு: ர ஒன்று, புள்ளி ஒன்று. “பு” என்பதற்கும் இரண்டு: ப ஒன்று, உகரக் குறி ஒன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் உயிர்மெய்க்குக் கால், கொம்பு போடுவதும் யூனிகோடில் தனித்தனிக் குறியெண்கள். அகரம் ஏறிய உயிர்மெய்தான் அடிப்படை. மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒட்டிக்கொள்பவை.

ஒரு குறிக்கு என்ன எண் என்று அறிய ஆர்டு என்ற கட்டளை இருக்கிறது. ஆர்டு("ப") என்றால் 2986. புள்ளிக்கு 3021. சரி, இப்போது அந்த இரண்டு போச்சம்பள்ளிகளையும் குறி குறியாகப் பிரித்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். தொடக்கம் மட்டும் இதோ:

முதல் போச்சம்பள்ளி: 2986, 3015, 3006, 2970, 3021 …
இரண்டாவது போச்சம்பள்ளி: 2986, 3019, 2970, 3021 …

வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவதில் “போ” என்பது ப-வும் ஓகாரக் குறியும் (3019). முதலாவதில் அதே “போ” மூன்று துண்டு: ப, பிறகு ஏகாரக் கொம்பு (3015), பிறகு கால் (3006). திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் வரையப்படும். நாம் பலகையில் எழுதும்போதும் கொம்பு, ப, கால் என்று மூன்றாகத்தானே எழுதுகிறோம்! ஆனால் பைத்தானின் சமக்குறி குறியெண்களை வரிசையாக ஒப்பிடுகிறது. ஓர் எண் மாறினாலும் “இது வேறு” என்று சொல்லிவிடுகிறது. டிக்‌ஷனரியில் இரண்டு தனிச் சாவிகள் ஆகிவிடுகின்றன. முதலாவதன் நீளம் 13, இரண்டாவதன் நீளம் 12.

இந்த மூன்று துண்டு வடிவம் எங்கிருந்து வந்தது? மண்டியின் பழைய பேரேடு பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தை அடித்து, காலை அடிப்பார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிய மென்பொருள் கொம்பை மட்டும் எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, கொம்பையும் காலையும் ஒன்றாக்காமல் விட்டிருந்தது. புதிய வரிகளைக் கைப்பேசியில் அடித்தார்கள். அது 3019 என்று ஒரே குறியாகப் போட்டது. பழைய 9 லோடு ஒரு பக்கம், புதிய 14 லோடு ஒரு பக்கம்.

நம் மாவட்டங்களில் இந்தச் சிக்கல் வரக்கூடிய பெயர்கள் நிறைய: பாலக்கோடு, மொரப்பூர், தொப்பூர், தேன்கனிக்கோட்டை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்து எங்கே இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

படி 2: கோப்பைத் திறக்கும் வாசலிலேயே கவனம்

சரிசெய்வதற்கு முன்னால் கோப்பு ஒழுங்காக உள்ளே வர வேண்டும். ஓப்பன் கட்டளையில் என்கோடிங் (குறியெண்களைக் கோப்பில் பைட்டுகளாக வைக்கும் குறிமுறை) குறிப்பிடாமல் விட்டால், பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் பைத்தான் அந்தக் கணினியின் பழைய மேற்கு ஐரோப்பியக் குறிமுறையை எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட். “தர்மபுரி” என்ற ஒரே சொல் உள்ள கோப்பை அப்படித் திறந்தால், பூஜ்யத்திலிருந்து எண்ணி 8ஆவது பைட்டில் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். அந்த 8ஆவது பைட் எது தெரியுமா? ர் என்பதன் புள்ளி. புள்ளியின் மூன்றாவது பைட்டான 141 என்ற மதிப்புக்கு அந்தப் பழைய குறிமுறையில் எழுத்தே கிடையாது. உகரக் குறிக்கும் இதே கதிதான்.

நின்றுவிட்டால் நல்லது என்றுதான் சொல்வேன். “மலை” என்ற சொல்லில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. அது பிழையே சொல்லாமல், மேலே கோடு போட்ட ஆங்கில எழுத்தும் சின்னங்களுமாக ஒன்பது குறிகளாக உள்ளே வந்துவிடும். அந்தக் குப்பை அப்படியே சேமிக்கப்பட்டால் பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஆகவே ஒவ்வொரு ஓப்பனிலும் என்கோடிங் என்று எழுதி யூடிஎஃப்-8 கொடுங்கள். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து இதுவே இயல்பாக இருக்கும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனாலும் மண்டியிலும் பள்ளியிலும் இருக்கிற கணினிகளில் பழைய பதிப்புகள் வெகுகாலம் இருக்கும். எழுதிவிடுவதே பாதுகாப்பு.

எக்செல்லிலிருந்து சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று சேமித்த கோப்பில் இன்னொன்று ஒளிந்திருக்கும். கோப்பின் முதல் இடத்தில் 65279 என்ற குறியெண், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். முதல் பத்தியின் தலைப்பு “ஊர்” என்றால், நிரலுக்குள் அது “ஊர்” ஆக இருக்காது. முன்னால் அந்த ஒன்று ஒட்டியிருக்கும். “ஊர் என்ற சாவி இல்லை” என்று நிரல் சொல்லும். அச்சிட்டுப் பார்த்தால் ஊர் என்றுதான் தெரியும். இதற்கு என்கோடிங்கில் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போதும், அதுவே கழற்றிவிடும். நிரலிலிருந்து எக்செல்லுக்கு அனுப்பும் கோப்பையும் இதே குறிமுறையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரியலாம்.

படி 3: தெரியாமல் ஒட்டியிருப்பதைக் கழற்றுங்கள்

சொல்லின் இரண்டு பக்கமும் உள்ள வெற்றிடத்தை எடுக்க ஸ்டிரிப் போடுவது எல்லோருக்கும் பழக்கம். 160 என்ற பிரியாத இடைவெளியைக்கூட அது எடுத்துவிடும். ஆனால் 8203 என்ற அகலமில்லாத இடைவெளியை எடுக்காது. பெயரில்தான் அது இடைவெளி. யூனிகோட் வகைப்பாட்டில் அது வெற்றிடமாகக் கருதப்படுவதில்லை. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயர்களில் இது வரும். அதோடு 8204, 8205 என்று இணைப்பைக் கட்டுப்படுத்தும் இரண்டு குறிகளும் உண்டு. ஊர்ப் பட்டியல், ஆள் பட்டியல் போன்றவற்றில் இந்த மூன்றையும் 65279-ஐயும் ரீப்ளேஸ் மூலம் வெறுமையாக்குங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டிரிப். வரிசை மாறினால், 8203-க்கு உள்பக்கம் இருக்கிற சாதாரண இடைவெளி மிஞ்சிவிடும்.

படி 4: ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

இப்போதுதான் போச்சம்பள்ளிக்கு மருந்து. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் நார்மலைஸ் என்ற கட்டளை உண்டு. அதற்கு வடிவத்தின் பெயராக என்எஃப்சி என்றும், அடுத்து உங்கள் சொல்லையும் கொடுங்கள். கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் ஒரே ஓகாரக் குறியாகச் சேர்த்துத் தரும். இரண்டு போச்சம்பள்ளிக்கும் நீளம் 12 ஆகிவிடும். சமம் என்று பைத்தான் ஒப்புக்கொள்ளும்.

இதை எங்கே செய்வது என்பதுதான் முக்கியம். ஒப்பிடும் இடத்தில் அல்ல, தரவு உள்ளே வரும் வாசலில் செய்யுங்கள். கோப்பிலிருந்து வந்தாலும், படிவத்திலிருந்து வந்தாலும், தேடல் பெட்டியில் யாராவது அடித்தாலும், முதல் வேலை இதுவாக இருக்கட்டும். நான் முதலில் கோப்பை மட்டும் மாற்றிவிட்டுத் தேடல் பெட்டியை மறந்துவிட்டேன். பட்டியலில் இருக்கும் ஊரைத் தேடினால் “இல்லை” என்று வந்தது.

இங்கே ஒரு விசித்திரம். பைத்தானில் மாறியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். “போ” என்று ஒரு மாறி வைத்து, ஓர் இடத்தில் இரண்டு குறியாகவும் இன்னோர் இடத்தில் மூன்று குறியாகவும் அடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒரே மாறி. நிரலில் உள்ள பெயர்களைப் பைத்தான் தானே என்எஃப்கேசி என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அதே இரண்டு சொற்களை மேற்கோள் குறிக்குள் வைத்து டிக்‌ஷனரியின் சாவியாக்கினால் இரண்டு சாவி. பெயராக இருந்தால் ஒன்று, தரவாக இருந்தால் இரண்டு. தரவைத் தொடக்கூடாது என்ற நியாயம் அதற்கு இருக்கிறது. நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

படி 5: என்எஃப்சி தொடாத மூன்று இடங்கள்

நார்மலைஸ் போட்டாயிற்று என்று நிம்மதியாகிவிடாதீர்கள். தமிழில் கண்ணுக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பவை இன்னும் உண்டு. அவற்றை யூனிகோட் ஒன்று என்று ஏற்பதில்லை.

முதலாவது ஸ்ரீ. இது ஸ (3000), புள்ளி, ர, ஈகாரக் குறி என்றும் வரலாம். ஶ (2998), புள்ளி, ர, ஈகாரக் குறி என்றும் வரலாம். ஶ என்ற எழுத்து 2005-இல் வந்த யூனிகோட் 4.1-இல் சேர்க்கப்பட்டது, அதற்கு முன்பு எல்லோரும் ஸ-வை வைத்தே எழுதினார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஸ்ரீதர், ஸ்ரீராம் என்று பெயர் இருந்தால் ஒரே ஆள் இரண்டு முறை வருவார். ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றதை ரீப்ளேஸ் செய்துவிடுங்கள். என் பட்டியல்களில் ஸ-தான் அதிகம் என்பதால் நான் அதை வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஔ. ஔ என்பது 2964 என்ற ஒரே குறி. பலர் ஒ-வும் ள-வும் சேர்த்து “ஒள” என்று அடித்துவிடுவார்கள். ஔவை என்ற பெயர் இப்படி இரண்டாகப் பிரியும். இதைக் கண்மூடித்தனமாக மாற்றக் கூடாது. “ஒளி” என்ற சொல்லில் ஒ, ளி என்பவை உண்மையாகவே இரண்டு எழுத்துகள். எல்லா “ஒள”வையும் ஔ ஆக்கினால் ஒளி கெட்டுவிடும். பெயர் பெயராகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது தமிழ் எண்கள். ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ௨ உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி. இதைப் பற்றிப் படி 8-இல் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

இவை போக, ஓசூர், ஒசூர் என்று இரண்டு விதமாக எழுதுவதும் உண்டு. அது குறியெண் சிக்கல் அல்ல, எழுதும் வழக்கம். அதற்கு ஒரு மாற்றுப் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: எழுத்து எழுத்தாகப் பிரியுங்கள்

சீட்டில் இடம் குறைவாக இருக்கிறது, ஊர்ப் பெயரில் முதல் நான்கை மட்டும் வெட்டுவோம் என்று நினைத்தால், பாலக்கோடு “பாலக” ஆகும். க் என்பதில் புள்ளி அறுந்து க ஆகிவிட்டது. அரூர் “அரூர” ஆகும். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் இன்னும் மோசம்: தர்மபுரி தொடக்கத்தில் ஒரு அநாதை இகரக் குறியோடு, அடுத்து “ருபம்ரத” என்று வரும். பு-வின் உகரம் ர-மேல் ஏறிக்கொண்டது, ர்-இன் புள்ளி ம-மேல் போய் உட்கார்ந்துவிட்டது. எழுத்து எழுத்தாகத் திருப்பினால் வர வேண்டியது “ரிபுமர்த”.

கவுண்ட் கட்டளையும் அப்படித்தான். கிருஷ்ணகிரியில் க எத்தனை என்று கேட்டால் 2 என்கிறது. அந்தச் சொல்லில் தனி க ஒன்றுகூட இல்லை. இரண்டு கி-தான் இருக்கிறது. ர-வை ற-வாக மாற்றச் சொன்னால் ரு, ரி, ர் எல்லாமே மாறிவிடும்.

இதற்கு ஒரு சின்ன செயற்கூறு (ஃபங்ஷன்) எழுதிவிட்டால் எல்லாம் அடங்கும். காலியான ஒரு லிஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் குறிகளை ஒவ்வொன்றாக வரிசையில் எடுங்கள். யூனிகோட்டேட்டாவின் கேட்டகரி கட்டளையிடம் அந்தக் குறியின் வகையைக் கேளுங்கள். விடை இரண்டு ஆங்கில எழுத்தாக வரும். முதல் எழுத்து எம் என்றால் அது ஒட்டுக்குறி. லிஸ்ட்டின் கடைசி உறுப்போடு அதைச் சேர்த்துவிடுங்கள். எம் இல்லையென்றால் புதிய உறுப்பாகப் போடுங்கள். அவ்வளவுதான். தர்மபுரியைக் கொடுத்தால் த, ர், ம, பு, ரி என்று ஐந்து உறுப்பு கிடைக்கும். கிருஷ்ணகிரிக்கு ஆறு. வெட்டுவது, திருப்புவது, எண்ணுவது எல்லாவற்றையும் சொல்லின்மேல் செய்யாமல் இந்த லிஸ்ட்டின்மேல் செய்யுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை: சொல் ஒட்டுக்குறியிலேயே தொடங்கினால், சேர்க்க முந்தைய உறுப்பு இருக்காது, நிரல் விழுந்துவிடும். பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறையாக மாறிய கோப்புகளில் கொம்பு முன்னால் நிற்கும் சொற்கள் நிச்சயம் வரும். லிஸ்ட் காலியாக இருந்தால் அந்தக் குறியையே தனி உறுப்பாகப் போட்டுவிட்டு, அந்த வரியை ஒரு தனிக் கோப்பில் குறித்துவையுங்கள். பிறகு கையால் திருத்தலாம்.

ஸ்விஃப்ட் மொழியில் இந்த வேலையே தேவையில்லை. கிருஷ்ணகிரியின் நீளம் அங்கே நேரடியாக 6 என்று வரும். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தான் மாதிரியே 11.

படி 7: “இது எழுத்தா?” என்று கேட்காதீர்கள்

என்னை அதிகம் வருத்தியது இந்த இடம்தான். பெயர்ப் பெட்டியில் எண்ணோ குறியோ வரக் கூடாது என்று சோதிக்க ஐஸ்ஆல்பா போடுவது வழக்கம். எல்லாம் எழுத்தாக இருந்தால் ஆம் என்று சொல்ல வேண்டும்.

"கல" → ஆம்
"கல்" → இல்லை
"தர்மபுரி" → இல்லை

ஒரு புள்ளி வைத்ததும் அது எழுத்தல்லாததாகிவிட்டது. காரணம், ஐஸ்ஆல்பா பார்ப்பது யூனிகோடின் எழுத்து வகையை மட்டும். ஒட்டுக்குறிகள் அதில் சேராது. புள்ளியும் காலும் கொம்பும் இல்லாத தமிழ்ப் பெயர் எத்தனை இருக்கும்? முருகன், செல்வி, குமார் என்று யார் அடித்தாலும் “பெயரைச் சரியாக உள்ளிடவும்” என்று திருப்பி அனுப்பும் படிவங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடித்தவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். வரிசையில் நின்று மனு கொடுக்கும் ஒரு பாட்டியிடம் “உங்க பேர் ஏத்துக்கல” என்று சொல்ல வைக்கிற வேலையை நாம் செய்யக் கூடாது.

சொல் பிரிக்கும் ஆர்ஈ தொகுப்பிலும் இதே கோளாறு. சொற்குறிகளைப் பிடிக்கும் பின்சாய்கோடு டபிள்யூ, ஒட்டுக்குறியைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. “ஒகேனக்கல் அருவி” என்ற இரண்டு சொல்லைக் கொடுத்து அதைக்கொண்டு பிரித்தால் ஐந்து துண்டு வரும்: ஒக, னக, கல, அர, வ. இதை வைத்துக் கட்டுரையின் சொல் எண்ணிக்கையோ தேடுபொறிக்கான சொற்பட்டியலோ தயாரித்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்று வழி மூன்று. வெறும் சொல் பிரிப்பு என்றால் ஸ்பிளிட் போதும்; அது வெற்றிடத்தில் மட்டும் வெட்டும். பெயர்ச் சோதனை என்றால், ஒவ்வொரு குறியின் கேட்டகரியும் எல் (எழுத்து) அல்லது எம் (ஒட்டுக்குறி) என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். முதலெழுத்துக்கான முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் தனியாக அனுமதியுங்கள். சிக்கலான தேடல் என்றால், ஆர்ஈ-க்குப் பதிலாக ரெஜெக்ஸ் என்ற வெளித் தொகுப்பைப் பிப் என்ற பைத்தானின் நிறுவும் கருவி மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். அதன் டபிள்யூ ஒட்டுக்குறிகளையும் சேர்த்துப் பிடிக்கும். பின்சாய்கோடு பெரிய எக்ஸ் போட்டால், படி 6-இல் நாம் எழுதிய எழுத்துப் பிரிப்பையும் அதுவே செய்துதரும்.

படி 8: தமிழ் எண்கள்

இது விரைவாக. இன்ட்("௨௫") என்று கேட்டால் பைத்தான் 25 என்று சரியாகச் சொல்லும். தமிழ் இலக்கங்களை எண்ணாகவே அது ஏற்கிறது. ஆனால் யாராவது அதே உருவத்தை எழுத்தாக “உரு” என்று அடித்திருந்தால் பிழை வரும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱, ஆயிரத்தைக் குறிக்கும் ௲ ஆகியவை இன்ட்டுக்குப் பிடிக்காது. ஐஸ்நியூமெரிக் என்று கேட்டால் ௰-க்கு ஆம் என்று சொல்லும். இன்ட் கொடுத்தால் பிழை சொல்லும். இட மதிப்பு முறையில் ௧௫ என்று எழுதினால்தான் 15. ௰௫ என்ற பழைய முறையை நாமே பிரித்துக் கணக்கிட வேண்டும். ஐஸ்நியூமெரிக்கை நம்பி இன்ட் போடாதீர்கள். ஐஸ்டெசிமல் கேளுங்கள், அது ஆம் என்றால் இன்ட் விழாது.

படி 9: அகர வரிசை

பேரிகைக்கும் பையூருக்கும் நடுவே போச்சம்பள்ளி ஏன் வந்தது என்று இப்போது புரியும். ஏகாரக் கொம்பு 3015, ஐகாரக் குறி 3016, ஓகாரம் 3019. மூன்று துண்டுப் போ-வைப் பைத்தான் “பே” என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்தது. சார்ட்டட் கட்டளை குறியெண் வரிசையில்தான் அடுக்கும்.

என்எஃப்சி போட்ட பிறகும் வரிசை முழுக்கச் சரியாகாது. யூனிகோடில் ன என்பது ந-வை அடுத்து வருகிறது, ற என்பது ர-வை அடுத்து வருகிறது, ளவும் ழவும் வ-வுக்கு முன்னால் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்றல்லவா முடியும்! அமுதா, அருள், அன்பு என்ற மூவரை அடுக்கச் சொன்னால் பைத்தான் அன்புவை முதலில் வைக்கும். வருகைப் பதிவேட்டில் அவர் கடைசி. புள்ளியின் எண் 3021, எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அதனால் ப் என்பது பௌ-வுக்குப் பிறகு போய்விடும். அகராதி முறையில் ப் முதலில் வர வேண்டும்.

சார்ட்டட் கட்டளைக்குக் கீ என்று ஒரு செயற்கூறு கொடுக்கலாம். அதை இப்படிக் கட்டுங்கள். உயிர் பன்னிரண்டு, ஃ, மெய் வரிசையில் க முதல் ன வரை பதினெட்டு, கடைசியில் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ என்று ஒரே சரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லை என்எஃப்சி ஆக்கி, படி 6-இன் செயற்கூறால் எழுத்துகளாகப் பிரியுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண் கொண்ட ஜோடி: முதலாவது, அடிப்படைக் குறி அந்தச் சரத்தில் இருக்கும் இடம், இரண்டாவது, ஒட்டுக்குறியின் மதிப்பு. புள்ளிக்கு 0, ஒட்டு இல்லாவிட்டால் 1, மற்றவற்றுக்கு அவற்றின் ஆர்டு எண்ணே போதும். ஆ முதல் ஔ வரை உயிர்க்குறிகள் தமக்குள் மரபு வரிசையிலேயே இருக்கின்றன. சரத்தில் இல்லாத குறி வந்தால் ஆர்டுவோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டிப் போட்டுவிடுங்கள், அது கடைசிக்குப் போகட்டும். ஜோடிகளின் லிஸ்ட்தான் கீ.

படி 10: அச்சில் பத்தி நேராக நிற்க

எல்ஜஸ்ட்(16) போட்டால் ஒவ்வொரு பெயரும் 16 இடம் பிடிக்கும் என்று எதிர்பார்ப்போம். தேன்கனிக்கோட்டையில் குறி 15, எழுத்து 8. அதற்கு ஒரே ஒரு வெற்றிடம் சேரும். அரூரில் குறி 5, எழுத்து 3. அதற்குப் பதினொன்று சேரும். பெரிய பெயருக்கு அடுத்த எண் இடப்பக்கமும், சின்னப் பெயருக்கு அடுத்த எண் வலப்பக்கமும் போய், சீட்டைப் பார்க்கிறவர் எந்த எண் எந்த ஊருக்கு என்று விரல் வைத்துத் தேட வேண்டும். எழுத்து எண்ணிக்கையை வைத்து இடைவெளி போட்டால் கொஞ்சம் மேம்படும். ஆனாலும் ணை அகலம், ர ஒல்லி. வெற்றிடத்தை வைத்து நேராக்க முடியாது. எச்டிஎம்எல் அட்டவணையாக எழுதி உலாவியிலிருந்து அச்சிடுங்கள். நானும் கடைசியில் அப்படித்தான் செய்தேன். மறுவாரம் பெரியவரின் சீட்டில் போச்சம்பள்ளி 23 என்று ஒரே வரியில் வந்தது.

சோதித்துப் பார்க்க ஐந்து சொற்கள்

நிரலை யாரிடமும் கொடுக்கும் முன் இவற்றைப் போட்டு ஓட்டுங்கள். போச்சம்பள்ளி, இரண்டு வடிவத்திலும்: உள்ளே போனபின் ஒரே சாவியாக, ஏழு எழுத்தாக வர வேண்டும். கல்: பெயர்ச் சோதனையில் தேற வேண்டும். ஸ்ரீதர், ஸ-விலும் ஶ-விலும்: ஒரே ஆளாக வர வேண்டும். அன்பு: அமுதாவுக்கும் அருளுக்கும் பின்னால் நிற்க வேண்டும். ஒகேனக்கல் அருவி: இரண்டே சொல்லாகப் பிரிய வேண்டும்.